ஊர் பார்க்காமல் செய்த வீடுகள்: மெல்பர்ன், ஜீலாங், அடிலெய்ட்

சனிக்கிழமை, ஃபிட்ஸ்ராய் தோட்டம்

மெல்பர்ன் வருகிறவர்கள் கடலோரச் சாலையில் கார் ஓட்டப் போவார்கள், இல்லையென்றால் பென்குவின் பார்க்கப் போவார்கள். நான் தகர வீடு பார்க்கப் போகிறேன் என்றதும் அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "அதைப் பாக்கவாடா இவ்வளவு செலவு பண்ணி வந்தே? நம்ம ஊர்ல இல்லாத தகரக் கொட்டகையா?"

இருக்கிறது. ஆனால் 1850களில் இங்கிலாந்தில் செய்து, பிரித்து, பெட்டியில் அடைத்து, மாதக்கணக்கில் கடலில் மிதந்து வந்து, இன்னும் நிற்கிற தகர வீடு நம்மூரில் நான் பார்த்ததில்லை. அக்கா மகனுக்குக் கல்லூரி விடுமுறை. "நான் கூட வரேன் மாமா, ஆனா சாப்பாடு உங்க செலவு" என்று ஒட்டிக்கொண்டான்.

முதலில் ஃபிட்ஸ்ராய் தோட்டத்துக்குப் போனோம். நான் தேடி வந்த ரகத்துக்கு நேர் எதிரான வீடு ஒன்று அங்கே இருக்கிறது. கேப்டன் குக்கின் பெற்றோர் வீடு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கிரேட் ஏய்ட்டன் என்ற ஊரில் 1755இல் கட்டியது. மகன் குக் அதில் குடியிருந்தாரா என்பதே சந்தேகம்தான். வீடு விலைக்கு வந்தபோது ரசல் கிரிம்வேட் என்ற மெல்பர்ன் செல்வந்தர் 800 பவுண்டு கொடுத்து வாங்கினார். 1934இல் மெல்பர்ன் நூற்றாண்டு விழாவுக்காக வீட்டைக் கல் கல்லாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, 253 பெட்டிகளிலும் 40 பீப்பாய்களிலும் அடைத்துக் கப்பலேற்றினார்கள். சுவரில் படர்ந்திருந்த ஐவி கொடியிலிருந்து வெட்டிய துண்டுகள்கூடக் கூடவே வந்தன. வீம்பு என்று சொல்லலாம், பக்தி என்றும் சொல்லலாம். நகர்த்தவே கூடாது என்று கட்டிய வீட்டை நகர்த்தினால் எவ்வளவு பாடு என்பதற்கு அந்த 253 பெட்டி ஒரு கணக்கு.

தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் ஜோலிமான்ட். நான் பார்க்க வந்த வீடுகளில் ஒன்று ஆரம்பத்தில் நின்ற இடம் இதுதான். இப்போது அங்கே வீடு இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது. வீட்டை நாளை பார்க்கலாம், அது வேறு பூங்காவில் உட்கார்ந்திருக்கிறது.

ராத்திரி சாப்பிடும்போது மருமகனுக்கு ஒரு கதை சொன்னேன். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் வீடு வந்தது 1850களின் தங்க வேட்டைக் காலத்தில் தொடங்கியதில்லை, முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. 1788இல் சிட்னியில் இறங்கிய முதல் ஆளுநர் ஆர்தர் பிலிப், லண்டனில் செய்த கேன்வாஸ் துணி வீடு ஒன்றைக் கையோடு கொண்டுவந்தார். காற்றையும் தடுக்கவில்லை, மழையையும் தடுக்கவில்லை என்று அவரே குறைபட்டுக்கொண்டார். 1790இல் கைதிகளை ஏற்றி வந்த இரண்டாவது கப்பல் தொகுதி, இறங்கும்போதே நோயாளிகளால் நிரம்பியிருந்தது. அந்தச் சமயத்தில் கைகொடுத்ததும் இங்கிலாந்திலிருந்து பிரித்து அனுப்பிய ஒரு மருத்துவமனைதான். ஜூலை மாதம் சிட்னிக் கரையில் அதைப் பூட்டி நிறுத்தினார்கள். "அப்போ இங்க மரமே இல்லையா?" என்று கேட்டான். மரம் நிறைய இருந்தது, அறுத்து இழைக்கத் தெரிந்த ஆள்தான் போதவில்லை. இந்த வீடுகளின் கதை முழுக்க இந்தப் பற்றாக்குறையைச் சுற்றியே ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை, சவுத் மெல்பர்ன்

வெயில் 37 டிகிரி. இந்த வீடுகளைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. 96ஆம் எண் டிராமில் போய் இறங்கி, சவுத் மெல்பர்ன் சந்தையில் டிம் சிம் வாங்கித் தின்றுகொண்டே கோவென்ட்ரி தெருவில் நடந்தோம். உள்ளங்கை நிறைய வரும் கொழுக்கட்டை அது, ஒன்றே போதும். மருமகன் மூன்று தின்றான்.

கதவு எண் 399. மெல்பர்ன் இருக்கிற விக்டோரியா மாநிலத்தின் தேசிய அறக்கட்டளை பராமரிக்கிற இடம். தினமும் திறப்பதில்லை, திறக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போக வேண்டும். ஒரே மனைக்குள் மூன்று இரும்பு வீடுகள். முன்னால் தெருவைப் பார்த்து நிற்கிறது பேட்டர்சன் வீடு. 1850களின் முதல் பாதியிலிருந்து அதே இடம். அபர்க்ராம்பி வீட்டை நார்த் மெல்பர்னிலிருந்தும், பெல்ஹவுஸ் வீட்டை ஃபிட்ஸ்ராயிலிருந்தும் பிற்காலத்தில் கொண்டுவந்து இதோடு சேர்த்தார்கள். நகர்த்துவதற்கென்றே பிறந்த வீடுகள் இன்னொரு முறை நகர்ந்ததில் தப்பில்லை.

ஏன் இங்கே? 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது. அந்த ஆண்டு காலனியின் மக்கள்தொகை சுமார் 77 ஆயிரம், 1861இல் 5 லட்சத்து 40 ஆயிரம். துறைமுகத்தில் நங்கூரம் போட்ட கப்பல்களை விட்டுவிட்டு மாலுமிகள் சுரங்கத்துக்கு ஓடினார்கள். தச்சன், கொத்தன், செங்கல் சூளைக்காரன் எல்லோரும் ஓடினார்கள். வந்து இறங்குகிற கூட்டத்துக்கு வீடு கட்ட ஆள் இல்லை. யாரா ஆற்றின் தென்கரையில், நாங்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே, 1852இல் கூடார நகரம் ஒன்று முளைத்தது. கேன்வாஸ் டவுன் என்றே பெயர். கூடாரம் போட்டுக்கொள்ளும் இடத்துக்கு அரசாங்கம் வாரம் 5 ஷில்லிங் வாடகை வாங்கியது. சொந்தக் கூடாரம், வெறும் தரை, அதற்கும் வாடகை!

இந்தச் செய்தி இங்கிலாந்துக்குப் போனதும் அங்கே இருந்த இரும்புப் பட்டறைகள் விழித்துக்கொண்டன. சரக்கு ஏற்கெனவே தயாராகத்தான் இருந்தது. லண்டன் துறைமுகத்தில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் 1829இலேயே நெளித் தகட்டுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். மெல்லிய தகடு தானாக நிற்காது, நெளிவு கொடுத்ததும் விறைத்துக்கொள்ளும், அடியில் நெருக்கமாகச் சட்டம் தேவைப்படாது. துரு என்ற பெரிய தொல்லைக்கு 1837இல் பிரான்சில் ஸொரேல் என்பவர் மருந்து கண்டுபிடித்தார்: உருகிய துத்தநாகத்தில் தகட்டை முக்கி எடுப்பது. கப்பல்காரர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. நெளித் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே படிந்து உட்காரும், இடத்தை அடைக்காது. ஒரு வீட்டின் சுவர் முழுவதும் முழங்கால் உயர அடுக்காகச் சுருங்கிவிடும்.

பெல்ஹவுஸ் வீட்டைச் செய்தவர் மான்செஸ்டரின் எட்வர்ட் டெய்லர் பெல்ஹவுஸ். 1851 லண்டன் மாகண்காட்சி சமயத்தில் இவருடைய இரும்பு வீட்டைப் பார்த்த இளவரசர் ஆல்பர்ட், ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகைக்கு ஒரு நடன மண்டபம் செய்துதரச் சொன்னார். அது இன்னும் அங்கே இருக்கிறது, ஆனால் தச்சுப் பட்டறையாக. பெல்ஹவுஸ் முறையில் வார்ப்பிரும்புத் தூண்களின் பக்கவாட்டில் பள்ளம் இருக்கும், தகடுகளைப் படுக்கை வசமாக அதில் செருக வேண்டியதுதான். தூணும் தகடும் சேரும் இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். பெயின்ட் அடுக்கடுக்காக ஏறித் தடித்திருக்கிறது. பள்ளத்தின் விளிம்பு எங்கே முடிகிறது, தகடு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. மருமகன் வெயில் படுகிற பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துவிட்டு வெடுக்கென்று எடுத்தான்.

பேட்டர்சன் வீட்டின் மேலறைக்கு ஏறினேன். கூரைக்குக் கீழே சாய்வான அறை, படுக்கைக்கு மட்டும். உள்ளே இரண்டு நிமிடம்தான் இருந்திருப்பேன், சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பட்டறையில் இதைப் பூட்டிப் பார்த்துச் சரிதான் என்று தலையாட்டியவருக்கு இந்த வெயில் தெரியாது. அவர் கவலையெல்லாம் மழையும் தீயும்தான். அந்த இரண்டையும் தகரம் நன்றாகவே தடுக்கிறது. பார்க்காத ஊருக்கு வீடு செய்தால் தன் ஊரின் பயங்களைத்தான் பெட்டியில் வைத்து அனுப்ப முடியும் போலிருக்கிறது.

மிச்சத்தைக் குடியிருந்தவர்கள் சரிபண்ணிக்கொண்டார்கள். உட்சுவரில் பலகை அடித்தார்கள், அதன்மேல் சாக்குத் துணியை இழுத்துக் கட்டினார்கள், அதன்மேல் சுவர்த்தாள் ஒட்டினார்கள். வீடு வந்த பெட்டிகளின் பலகையையே தரைக்கும் சுவருக்கும் பயன்படுத்துவது அந்தக் காலத்து வழக்கம். கிழிந்த ஓரத்தில் தாளின் கீழே இன்னொரு தாள், அதன் கீழே நார் நாராகச் சாக்கு, கடைசியில் பலகை. இந்த வீடுகளில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். இரும்பு எல்லா வீட்டிலும் ஒரே இரும்பு, உள்ளே ஒட்டிய தாளில்தான் குடும்பம் தெரிகிறது.

வியாபாரம் நீண்ட நாள் ஓடவில்லை. கடிதம் போய், வீடு செய்து, கப்பல் வந்து சேர ஒரு வருடம் ஆகிவிடும். 1852இன் அவசரத்தை நம்பி அனுப்பிய வீடுகள் வந்து குவிந்தபோது 1854 ஆகிவிட்டது. சந்தை நிரம்பி வழிந்தது, ஏலத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளினார்கள். பலது கிடங்காக மாறியது, பலது கூரைத் தகடாகப் பிரிந்து போனது.

மத்தியானம் கிங்ஸ் டொமெய்ன் பூங்காவில் லா ட்ரோப் வீடு. அதுவும் குறிப்பிட்ட நேரத்தில்தான் திறக்கும், தன்னார்வலர்கள் வந்து சுற்றிக்காட்டுகிறார்கள். சார்லஸ் ஜோசப் லா ட்ரோப் 1839இல் இந்தப் பகுதியின் கண்காணிப்பாளராக வந்தபோது லண்டனிலிருந்து கொண்டுவந்த மர வீடு. பிறகு விக்டோரியாவின் துணை ஆளுநரானார், ஆனாலும் 1854இல் ஊர் திரும்பும்வரை ஜோலிமான்ட்டில் இந்தச் சின்ன வீடுதான். தங்க வேட்டையின் களேபரத்தையெல்லாம் இங்கே உட்கார்ந்துதான் சமாளித்திருக்கிறார், கூடார வாடகை உள்பட. சாப்பாட்டு அறை அவர் உள்ளூரில் ஆள் வைத்துக் கட்டிச் சேர்த்தது. 1960களில் வீட்டை டொமெய்னுக்கு மாற்றியபோது நிறையப் பகுதியைப் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. அதனால் எது பழசு எது புதுசு என்று கேட்டுக் கேட்டுத்தான் பார்க்க முடிந்தது. உண்மையைச் சொன்னால், கோவென்ட்ரி தெருவுக்கு அப்புறம் இது கொஞ்சம் சப்பென்று இருந்தது. ரொம்பவும் துடைத்து வைத்த வீடு.

திங்கட்கிழமை, காலிங்வுட்

இன்று ஒரே ஒரு வீடு, அதுவும் வெளியிலிருந்து. தனியார் வீடு என்பதால் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

இங்கிலாந்து மட்டுமே வீடு அனுப்பியது என்று நினைக்கக் கூடாது. 1853 வாக்கில் சிங்கப்பூரிலிருந்தும் மர வீடுகள் வந்தன, நாங்கள் எட்டிப் பார்த்தது அதில் ஒன்று. மலாய்ப் பகுதி மரம், சீனத் தச்சர்களின் கை. எந்தச் சட்டம் எதோடு சேரும் என்று அவர்கள் மரத்தில் சீன எழுத்தில் குறித்து அனுப்பினார்கள். அதை இங்கே பூட்டியவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துச் சிரித்தோம். ஆனால் ஒன்று, வெயில் என்றால் என்ன என்று சிங்கப்பூர்த் தச்சனுக்குத் தெரியும். நேற்று அந்த மேலறையில் வெந்த எனக்கு இதில் சந்தேகமே இல்லை: இரண்டில் ஒன்றில் குடியிரு என்றால் கண்ணை மூடிக்கொண்டு மர வீட்டுக்குத்தான் போவேன்.

புதன்கிழமை, ஜீலாங்

சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ஈஸ்டர்ன் பீச் ஓரமாக நடந்தோம். மரக் கட்டைகளில் மனித உருவம் வரைந்து வரிசையாக நட்டு வைத்திருக்கிறார்கள். குளியலாடை போட்ட பெண்கள், பேண்டு வாத்தியக்காரர்கள். மருமகன் ஒவ்வொன்றோடும் படம் எடுத்துக்கொண்டதில் அரை மணி போயிற்று.

மேட்டில் கோரியோ வில்லா. இதுவும் பெட்டியில் வந்த வீடுதான், ஆனால் தகர வீட்டின் பணக்காரப் பங்காளி. நெளித் தகடு கிடையாது, எல்லாம் வார்ப்பிரும்பு. ஸ்காட்லாந்தின் சார்லஸ் டி. யங் கம்பெனி வார்த்தது. 1855இல் ஜீலாங் துறைமுகத்துக்கு வந்து இறங்கியது, எடுத்துக்கொள்ள ஆள் வரவில்லை. கிடந்தது, கிடந்தது, கடைசியில் ஆல்ஃப்ரெட் டக்ளஸ் என்ற உள்ளூர் வியாபாரி சல்லிசாக வாங்கிப்போட்டார். வாங்கியவர் கையில் வரைபடம் இல்லை. எழுதிக் கேட்கலாம் என்றால் ஸ்காட்லாந்தில் அந்த வார்ப்படச் சாலையே தீப்பிடித்து அச்சுகளெல்லாம் அழிந்துவிட்டன என்று சொல்கிறார்கள். 1856இல் துண்டு துண்டாக வைத்துப் பார்த்தே நிமிர்த்திவிட்டார்கள்.

இதிலும் குடும்பம் இருக்கிறது, உள்ளே விடமாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று பார்த்த வரையில், தாழ்வாரத்தின் இரும்புச் சரிகை வேலைப்பாடு அசல். மரத்தில் இழைத்திருந்தால் கடற்காற்றில் இதற்குள் உளுத்துப் போயிருக்கும். வளைகுடாவைப் பார்த்து இவ்வளவு பாந்தமாக உட்கார்ந்திருக்கிற வீடு இந்தக் கடற்கரையில் வேறு இல்லை. இந்த மேட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல் இருக்கிறது. வார்த்தவன் மேட்டையும் பார்த்ததில்லை, கடலையும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்ன தத்துவத்தை இந்த வீடு மதிக்கவே இல்லை. தாழ்வாரம் மட்டும் நல்ல அகலமாக இருந்தால் பாதி வெயில் பிரச்சினை தீர்ந்துவிடும் போல.

சனிக்கிழமை, அடிலெய்ட்

இரவு முழுக்கப் பேருந்து. மருமகன் வரவில்லை, வகுப்பு தொடங்கிவிட்டது. காலையில் முகம் கழுவிக்கொண்டு நேராக நார்த் அடிலெய்டின் பென்னிங்டன் டெரஸ். பிரமாண்டமான செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தின் நிழலில், தோட்டத்துக்குள் தாழ்வாக ஒரு மரக் கட்டடம். சுற்றிலும் தாழ்வாரம். குவேக்கர் கிறிஸ்தவர்களின் கூட்ட வீடு. 1840இல் எழுப்பியது, இன்னும் அவர்கள் கூடுகிறார்கள். தேவாலயக் கட்டுமானம் தொடங்கியதே 1869இல்தான், ஆக இந்த இடத்தில் மூத்தது இந்தக் குட்டிக் கட்டடம்தான்.

செய்தவர் லண்டன் தச்சர் மேனிங். லா ட்ரோப் வீடும் இவருடையது என்றுதான் சொல்கிறார்கள். மேனிங்கின் மகன் 1830 வாக்கில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் ஆற்றங்கரைக்குக் குடியேறப் புறப்பட்டான். அவனுக்காக அப்பா செய்து கொடுத்ததுதான் முதல் வீடு, பிறகு அதுவே தொழிலாயிற்று. இங்கே வந்த இந்தக் கட்டடம் ராஜஸ்தான் என்ற பெயர் கொண்ட கப்பலில், 69 கட்டுகளாக வந்து இறங்கியது. குக் வீட்டின் 253 பெட்டியையும் 40 பீப்பாயையும் நினைத்துக்கொண்டேன்.

வேலை எப்படி என்று பார்க்கச் சுவரோரமாகக் குனிந்து குனிந்து நடந்தேன். அடியில் நீளச் சட்டம் ஒன்று படுக்கும். அதன்மேல் தூண்களை நிறுத்தி போல்ட் போடுவார்கள். தூணின் இரு பக்கமும் பள்ளம். இரண்டு தூணுக்கு நடுவே சுவர்ப் பலகையை மேலிருந்து இறக்கினால் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். நம்மூர் பழைய மளிகைக்கடைகளில் இரவு கடை சாத்தும்போது எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் தள்ளி வரிசை சேர்ப்பார்களே, அதே வேலைதான். மேனிங்கின் சாமர்த்தியம் என்னவென்றால், பலகைகளெல்லாம் ஒரே அளவு. எந்தப் பலகையும் எந்த இடைவெளியிலும் போகும், எண் பார்க்கவே தேவையில்லை. இங்கே வந்து அறுக்கவோ இழைக்கவோ ஒன்றுமில்லை. கட்டிலைப் பூட்டுகிற சாவியைத் திருப்பத் தெரிந்தவன் இந்த வீட்டையும் பூட்டலாம் என்று 1830களில் அவர் விளம்பரம் செய்தார். எந்தத் துண்டும் ஒரு ஆளோ பையனோ சில மைல் தூக்கிச் செல்ல முடியாத கனம் இல்லை, வண்டி மாடே வேண்டாம் என்றும் அதில் உண்டு.

எனக்கு இதில் ஆச்சரியம், அவர் ஊரைப் பற்றி எதையுமே தெரிந்ததாக நினைத்துக்கொள்ளவில்லை. தச்சன் இருக்க மாட்டான், பாதை இருக்காது, மாடு இருக்காது, எழுதிக் கேட்டால் பதில் வர ஒரு வருடம் ஆகும். இவ்வளவையும் கணக்கில் வைத்துச் செய்திருக்கிறார். இருபது வருடம் கழித்து வந்த இரும்புக்காரர்களிடம் இந்த நிதானம் இல்லை. அவர்களுக்குப் பொருளின் மேல் நம்பிக்கை, இவருக்கு மகனின் மேல் கவலை.

தாழ்வாரத்தில் ஒரு அம்மா செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பார்க்கலாமா என்று கேட்டதும் கதவைத் திறந்துவிட்டார். வெறும் கூடம், நாற்காலிகள், மேடை இல்லை, சிலுவை இல்லை. "வெளியே 35 டிகிரி, இங்கே பரவாயில்லையே" என்றேன். "ஜன்னலைக் காலையிலேயே சாத்தி வைக்கணும், அவ்வளவுதான்" என்றார்.

வாசகர்கள் இரண்டு பேர், நேரம் குறைவு, எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தார்கள். மெல்பர்னில் ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் கோவென்ட்ரி தெரு. குக் வீட்டுக்குக் கூட்டம் எப்போதும் இருக்கும், டிக்கெட்டும் உண்டு, வெளியிலிருந்து பார்த்தாலே போதும். கோரியோ வில்லாவுக்காக மட்டும் ஜீலாங் போக வேண்டாம், கடற்கரையோடு சேர்த்துப் போங்கள். அடிலெய்ட் வீட்டுக்கு ஞாயிறு காலை போனால் அவர்கள் வழிபாட்டில் இருப்பார்கள், கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். எங்கே போனாலும் தொப்பி, தண்ணீர். பேட்டர்சன் வீட்டு மேலறைக்கு வெயில் நாளில் கட்டாயம் ஏறுங்கள்.